காகிதப்படி அது வேறு நாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பயத்திலிருந்து வந்தது. நாளை மாலை ஐந்து மணிக்குள் ஒரு விமானக் கம்பெனிக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: சனிக்கிழமை என்னோடு நாய் வருகிறதா, இல்லையா. போனை எடுக்க வேண்டியவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு இது பழைய வியாதி. பல் வலித்தால் டாக்டரிடம் போகாமல் பல்வலியைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற ஜாதி நாங்கள்.

உட்கார்ந்திருப்பது பெங்களூரு அல்சூரில், என் தங்கை ஆஷாவின் வீட்டு மாடி அறையில். ஜெர்மனியிலிருந்து மூன்று வார லீவில் வந்தேன். பதினெட்டு நாள் ஓடிவிட்டது. நாய் இருப்பது ஒக்கலிபுரத்தில். மெட்ரோ ஏறினால் அரை மணிக்குள் போய்விடலாம். இன்னும் போகவில்லை.

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"சுப்ரியாவும் அச்யுத்தும் தங்கள் இரண்டு நாய்களையும் உயிருக்கு உயிராக வளர்த்தார்கள். ஆனால் விதி அவர்களை—"

விட்டுவிட்டேன். வேறு யாராவது விதியின் தலையில் பழியைப் போட்டு எழுதினால் கிழி கிழி என்று கிழிப்பவள் நான். (சுப்ரியா என்று வரும் இடத்தில் என்னைப் போட்டுப் படியுங்கள். என் பேர் பிரபா. அச்யுத் என்பது என் கணவன் சித்தார்த். சுப்ரியாவை மல்லேஸ்வரத்தில் குடிவைத்து, அவளுக்கு வீணை எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தேன். நான் கேஜிஎஃப்காரி, அடுகோடியில் குடியிருந்தவள். வீணையைத் தொட்டதுகூடக் கிடையாது.)

2

நாய்கள் இரண்டு என்றேன். பெரியவன் காப்பி. டிகாஷன் கூடிப்போன நிறம். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் இருந்தவன். பெண் பார்க்க வந்த சித்தார்த்திடம், "என்கூட ஒரு நாயும் வரும், சம்மதமா?" என்று கேட்டேன். அவன் காப்பியைப் பார்த்துத்தான் தலையாட்டினான்.

சின்னவள் அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த வெல்டிங் பட்டறையில், இரும்புக் குவியலுக்கு நடுவே பிறந்தவள். ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் போனால் கழுத்தை நிமிர்த்தி ஊளையிடுவாள். அப்போது ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா யேசுதாஸ், இருபத்தெட்டு வருடம் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர், அதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஷிஃப்ட்டுக்கு சங்கு ஊதுறா பாரு, சங்குன்னே வெச்சிடுங்க" என்றார். சுரங்கத்தில் வேலை நேரம் மாறும்போது ஊதும் சைரனுக்கு அங்கே சங்கு என்றுதான் பேர்.

"சாவுக்கு ஊதறத போய் பேரா வெக்கறீங்களே மாமா" என்றான் சித்தார்த்.

"சாவுக்கு ஊதறது வேற. இது சோத்துக்கு ஊதற சங்கு."

பேர் நின்றுவிட்டது.

இன்னொருத்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டீனா. ஒக்கலிபுரத்துப் பெண். ஐந்து வீட்டு நாய்களை நடக்கக் கூட்டிப் போவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். நான் ஒருநாள் தூங்கினாலும் அவள் வராமல் இருந்ததில்லை. கதையின் முதல் வரைவில் அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் கொடுத்திருந்தேன். "நாய்களை ஒருத்தியிடம் ஒப்படைத்தார்கள்." ஒருத்தி. என் லட்சணம் அந்தச் சொல்லில் தெரிகிறது.

3

சித்தார்த்துக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது முந்தாநாள் போன வருடத்து ஜூலையில்.* ஜனவரி நடுவில் சேர வேண்டும். நாய்களை என்ன செய்வது என்று நாங்கள் பேசவே இல்லை. அவை வரும். அதில் பேச என்ன இருக்கிறது?

(* முந்தாநாள் போன வருடம் என்று ஒரு வருடம் கிடையாது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் என்று எழுத நினைத்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும். எனக்கு அது முந்தாநாள் மாதிரிதான் இருக்கிறது.)

நாயை அங்கே கொண்டுபோக ஒரு வரிசை உண்டு. முதலில் அதன் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் வைக்க வேண்டும். அதில் ஒரு நம்பர் இருக்கும். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடி ஊசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து வெளிநாட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு தேதிக்குப் பின் ஒரு தேதி. கதை எழுதுகிறவளுக்கு வரிசை தெரியாதா என்ன.

இந்த இடத்தை நான் இப்படி எழுதினேன்:

"ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வார்டு மைதானத்தில் இலவச ஊசி முகாம் என்று கேள்விப்பட்டதும் அச்யுத் இரண்டு நாய்களையும் இழுத்துக்கொண்டு ஓடினான். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிறவன் அவன்."

எழுதியதை சித்தார்த்துக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

"பிரபா, கேம்ப்புக்கு நான் எங்க போனேன்? அன்னிக்கி மைசூர்ல ட்ரெய்னிங்ல இருந்தேன்ல."

"கதைதானே சித்து."

"கதைல என்ன கெட்டவனாக்கு, குடிகாரனாக்கு, பரவால்ல. ஆனா அந்த நாளையும் ஆளையும் மட்டும் மாத்தாத."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போய்விட்டது.

முகாமுக்குப் போனது நான். இலவசம் என்ற சொல்லுக்கு மயங்கியது நான். டாக்டரிடம் தனியாகப் போவானேன், இங்கேயே முடித்துவிடலாம் என்று வரிசையில் நின்று, ஊசிக் கணக்கு எழுதும் சின்னப் புத்தகத்தில் முத்திரையும் வாங்கி வந்தது நான். சிப் வைத்தது இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் இருபத்துநாலு. அன்று டாக்டர் வைத்தீஸ்வரன், "ஊசி?" என்று கேட்டார். "ஆச்சு டாக்டர்" என்றேன். பரீட்சையில் முந்திக்கொண்டு பேப்பரைக் கொடுத்த பிள்ளை மாதிரி எனக்கு ஒரு பெருமை வேறு.

4

நவம்பர் மாதம் எல்லாக் காகிதங்களையும் அடுக்கி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். காப்பியைக் குட்டியிலிருந்து பார்த்தவர். புத்தகத்தை ஒரு தடவை புரட்டினார், இன்னொரு தடவை புரட்டினார்.

"சிப் தேதி என்னம்மா போட்டிருக்கு?"

"இருபத்துநாலு."

"ஊசி பத்தா?"

"ஆமா டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தப்புப் பண்ணிட்டோம்மா. அன்னிக்கே நானும் தேதியக் கேட்டிருக்கணும். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இது. ஊசி போட்டுக்கிட்டது இந்த நாய்தான்னு காட்ட ஒண்ணும் இல்ல. காகிதப்படி அது வேற நாய்."

வேற நாய் என் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. இன்னொரு வேற நாய் அவருடைய குப்பைக் கூடையை மோந்துகொண்டிருந்தது.

"அத வெச்சு எடுத்த ரத்தப் பரிசோதனையும் செல்லாது. இன்னிக்கே மறுபடி ஊசி போடறேன். ஒரு மாசம், அப்புறம் ரத்தம், அப்புறம் மூணு மாசம். மார்ச் கடைசில கூட்டிட்டுப் போலாம்."

எங்கள் டிக்கெட் ஜனவரி பன்னிரண்டு.

அன்றே கேரலைக் கூப்பிட்டேன். நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட் அவள். கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: "சிப் சர்டிஃபிகேட்ல இருபத்துநாலுக்கு பதிலா எட்டுன்னு எழுதிக்கிட்டா முடிஞ்சுது மேடம். ஊசி நெஜமாவே போட்டிருக்கு இல்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

"அதெல்லாம் வேண்டாம் கேரல். பொய்த் தேதி போட மாட்டேன்."

இருபது வருடமாகப் பொய்யாகவே எழுதிப் பேர் வாங்கியவள் சொன்ன பதில் இது. சொன்னது சரிதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வெறிநாய்க்கடி விஷயத்தில் யாரும் விளையாடக் கூடாது. ஆனால் சரியான பதிலைச் சொன்ன அந்த நிமிஷம் எனக்குள் என்ன நடந்தது என்பதை இந்தக் கதையின் மூன்று வரைவிலும் நான் எழுதவில்லை.

5

[இந்தப் பகுதியை இரண்டு தடவை கிழித்தேன். நோட்டில் கிழிசல் தெரிகிறது.]

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

போதுமா? இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. மூன்று மாதமாக எனக்குள் ஒரு பயம் இருந்தது. பதினோரு வயதுக் காப்பியைக் கூண்டில் அடைத்துச் சரக்கோடு சரக்காக ஏற்றுவது, பனியில் ஆறு மணிக்கு எழுந்து நடக்கக் கூட்டிப் போவது, நாயோடு வீடு தேடி அலைவது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: ஒரு தடவையாவது கையில் கயிறு இல்லாமல் ஒரு புது ஊரில் நடக்க வேண்டும் என்று ஒரு ஆசை. நாற்பத்தொரு வயதில் அப்படி ஓர் ஆசை வந்தது தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் காகிதம் முடிவெடுத்துவிட்டது. நான் அழக்கூடச் செய்தேன். எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

சித்தார்த் ஒருவன்தான் வேறு மாதிரிச் சொன்னான். "நான் முன்னாடி போறேன். நீ இங்கயே இருந்து மார்ச்ல ரெண்டையும் கூட்டிட்டு வா. ரெண்டரை மாசம்தானே."

ரெண்டரை மாசம்தான். இருந்திருக்கலாம். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வீட்டு அக்ரிமென்ட் முடிகிறது என்றேன். அங்கே போய் மொழி வகுப்பில் சேர வேண்டும் என்றேன். அப்பாவிடம் விடலாமென்றால் அவர் நெஞ்சில் சுரங்கத் தூசி, நாய் முடி ஆகாது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொன்றும் உண்மை. எல்லாம் சேர்ந்தால் பொய்.

ஜனவரி பதினொன்று சாயங்காலம், நாய்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக டீனா ஆட்டோவில் வந்தாள். என்னுடைய பழைய நைட்டி ஒன்றை நாய்களின் படுக்கைக்குள் சுருட்டி வைத்தேன். "ரெண்டே மாசம் டீனா" என்றேன்.

"ரெண்டு மாசம்தானேக்கா. அது பாட்டுக்குப் போயிடும்."

ஆட்டோ கிளம்பியதும் சங்கு பக்கவாட்டில் தலையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். காப்பி பார்க்கவில்லை. அவன் நைட்டிமேல் படுத்துவிட்டிருந்தான்.

6

மார்ச் வந்தது. அங்கே வீட்டுக்காரர் நாய் கூடாது என்றார். வேறு வீடு பார்ப்பதற்குள் ஏப்ரல். வெயில் காலத்தில் விமானத்தில் நாய்களை ஏற்றுவதில்லை என்றாள் கேரல். ஜூனில் வீடு கிடைத்தது. ஜூலையில் காப்பிக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை டீனா குரல் பதிவு அனுப்பினாள்.

"அக்கா. காப்பி போயிட்டான்கா. காலைல பத்து மணிக்கு. வலி இல்லாமதான் போனான்னு டாக்டர் சொன்னாரு. உங்க நைட்டியத்தான் சுத்தி எடுத்துட்டுப் போனோம்."

முதல் வரைவில் "சுப்ரியா தெருவிலேயே மண்டியிட்டுக் கதறினாள்" என்று எழுதியிருந்தேன். நடந்தது அதுவல்ல. நான் ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டு முடித்தேன். என் முறை வந்தது. ரொட்டி வாங்கினேன். பாதியாக வெட்டித் தரட்டுமா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து அதை மேஜையில் வைத்தேன். என்னைப் பெரிய மனுஷியாகக் காட்ட அந்த இடத்தில் ஒரு வாக்கியமும் இல்லை.

காப்பி, நான்—

[இந்த வாக்கியம் முடியவில்லை. ஏழு மாதமாக முடியவில்லை.]

7

இந்த முறை பெங்களூரு வந்து இறங்கிய அன்று டீனாவுக்குப் போன் செய்தேன்.

"பாப்புவோட ஃபைல் ரெடியா இருக்குக்கா" என்றாள். உடனே, "சங்குவோட" என்று திருத்தினாள்.

"பாப்புன்னா கூப்பிடறீங்க?"

"எங்கம்மா அப்டிக் கூப்ட்டு கூப்ட்டு பழகிடுச்சுக்கா. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் வருவா."

"ரயிலுக்கு ஊளையிடறாளா?" டீனாவின் வீட்டுக்குப் பின்னால்தான் தண்டவாளம். நாளெல்லாம் ரயில் ஹார்ன்.

"முதல் ரெண்டு மாசம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஊளைதான். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்தாங்க. இப்பல்லாம் காதுகூட ஆட்டறதில்லக்கா. காப்பி போனப்ப ஒரு வாரம் சாப்பிடல. அப்புறம் அம்மா கட்டிலுக்குக் கீழ போய் படுக்க ஆரம்பிச்சா. இப்பவும் அங்கதான்."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "கூட்டிட்டுப் போகட்டுமா டீனா? நீ என்ன சொல்ற?"

பின்னால் ஒரு ரயில் போனது எனக்குக் கேட்டது.

"உங்க நாய்க்கா" என்றாள். அப்புறம் சொன்னாள்: "நவம்பர் ஊசிய கரெக்டா வருஷம் முடியற தேதிக்கு முன்னாடியே போட்டுட்டேன். டாக்டர் சார் சொல்லிருந்தாரு, ஒரு நாள் தப்பினாலும் மறுபடி முதல்லேர்ந்துன்னு. போடாம விட்டுடலாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன்கா. பொய் சொல்லல. விட்டிருந்தா நீங்க கூட்டிட்டுப் போக முடியாது. ஆனா மனசு வரல."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். எனக்கு அது காகிதமாகிவிட்டது. என் நாயாக இருந்தபோது காகிதம் சரியில்லை. காகிதம் சரியானபோது அது என் நாயா என்பது தெரியவில்லை. கூட்டிப் போக வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டுப் போனேன். விட்டுவிட வேண்டிய நேரத்தில் கூண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆஷா வீட்டு மாடிப்படிக்கு அடியில் அது காலியாக இருக்கிறது.

8

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. சுப்ரியா கேட்டைத் திறக்கிறாள். பதினான்கு மாதம் கழித்தும் நாய் அவளை அடையாளம் கண்டுகொண்டு பாய்ந்து வருகிறது. அந்த ஒருத்தி, அதாவது டீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை நீட்டுகிறாள். சனிக்கிழமை விமானம். (இதைப் படித்த ஆஷா, "டீனா அழறது அந்த ஒரு வரிலயே முடிஞ்சிடுமாக்கா?" என்று கேட்டாள். முடியாது.)

முடிவு இரண்டு. நாய் அவளை மறந்துவிட்டது. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. சுப்ரியா மனம் தெளிந்து, சிரித்த முகத்தோடு விமானம் ஏறுகிறாள். (இது இன்னும் மோசம். இதில் மறுபடியும் என் வேலையை வேறொருவர் செய்துவிடுகிறார்கள். அன்று காகிதம், இன்று நாயின் மூக்கு.)

இரண்டையும் அடித்துவிட்டேன்.

9

இப்போது நோட்டில் எழுதவில்லை, போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த நாள். மணி மூன்று நாற்பது. ஒக்கலிபுரத்தில் டீனா வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது டீ குடிக்கிறேன். வருவதாக அவளிடம் சொல்லவில்லை.

கேட் பாதி திறந்திருக்கிறது. டீனா துணி உலர்த்துகிறாள். தண்ணீர் டிரம்மின் நிழலில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சங்கு படுத்திருக்கிறாள். கொஞ்சம் குண்டாகியிருக்கிறாள். கழுத்தில் நான் வாங்காத ஒரு சிவப்புப் பட்டை. இப்போது ஒரு ரயில் போகிறது, நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு. காது அசையவில்லை.

கூப்பிட்டால் வருவாள். அதுதான் என் பயமே. மறந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வருவாள், கூண்டுக்குள் போ என்றால் போவாள், ஜெர்மனியில் கட்டிலுக்குக் கீழே டீனாவின் அம்மாவைத் தேடுவாள். நான் செய்த முதல் தப்புக்கு அவளை இரண்டாவது தடவையும் அழ வைக்கலாம். அல்லது டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம், அவளை இன்னொரு தடவை விட்டுவிட்டு.

இந்த இடத்தில், வாசகரே, முடிவை உங்கள் கையில் கொடுக்கிறேன் என்று எழுதத்தான் இத்தனை பக்கம் வந்தேன். கூப்பிடலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று. எழுதியும்விட்டேன், இதோ மேலே—

படித்துப் பார்த்தேன். நவம்பரில் காகிதத்திடம் கொடுத்ததையே இப்போது உங்களிடம் கொடுக்கிறேன். அப்புறம் ஊருக்குப் போய், படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள் என்று நிம்மதியாக இருப்பேன்.

வேண்டாம். திருப்பிக் கொடுங்கள்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டேன். துணி உலர்த்தி முடித்த டீனா ரோட்டுப் பக்கம் திரும்புகிறாள். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை, டீனாதான். போனைப் பைக்குள் வைக்கிறேன்.